நேரம் எழுதாத ஏடு

போன மாதம் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மகளிடமிருந்து போன். "அப்பா, பாப்பா ஸ்கூல்ல தூங்கிக்கிட்டே இருக்காளாம். எழுப்பினா முழிக்க மாட்டேங்கிறாளாம்" என்றாள். என் பேத்திக்கு வலிப்பு உண்டு. ஒரு வேளை மருந்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின் பள்ளியில்தான் கொடுக்க வேண்டும். அன்று வகுப்பாசிரியை மருந்தைக் கொடுத்து, நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்த ஆசிரியைக்கு அந்த டிக் இன்றையதா, நேற்றையதா என்று தெரியவில்லை. மருந்து தவறிவிடக் கூடாதே என்று அவரும் ஒரு வேளை கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். இரவு எட்டு மணிக்குப் பேத்தி எழுந்து தோசை கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இரண்டு ஆசிரியைகளும் அக்கறையோடுதான் நடந்திருக்கிறார்கள். நோட்டில் தேதி இல்லை, நேரம் இல்லை, கையெழுத்து இல்லை. குறை அங்கேதான். 36 வருடம் அரசு அலுவலகத்தில் ஏடு எழுதியே பிழைத்தவன் நான். அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து பழைய நினைவுகள் சில மனதைக் குடைகின்றன.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த இடைக்காலத்து மாணவன் நான். எங்கள் பள்ளியில் ஒரு சிறிய அறையும் அதில் ஒரு மதாமும் உண்டு. காய்ச்சல் என்று போனால் முதலில் தெர்மாமீட்டரை எடுப்பார், அடுத்து பேனாவை எடுப்பார். பெயர், வகுப்பு, வந்த நேரம், என்ன தொந்தரவு, காய்ச்சல் எவ்வளவு, என்ன கொடுத்தார், வகுப்புக்குத் திரும்பிய நேரம் எல்லாம் ஏட்டில் ஏறும். மாத்திரையை நாம் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அதற்கான கட்டத்தை நிரப்புவார். "தீஸ் ஏர் வேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். பத்து மணி இருபது என்று அர்த்தம். எங்களுக்கு அது வேடிக்கை. அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்போம்.

பள்ளிக்கென்று செவிலியர் வந்த கதையும் சுவையானது. 1902-ல் நியூயார்க் நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் வந்து பார்த்து, கண் நோய், சிரங்கு, பேன் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். லிலியன் வால்ட் என்ற செவிலியர் தம்மோடு பணிசெய்த லினா ராஜர்ஸ் என்பவரை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடுகளுக்கும் போய்த் தாய்மார்களிடம் பேசினார். சோதனை பலித்தது, மேலும் செவிலியர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1902 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. மறுவருடம் அதே மாதத்தில் 1,101. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக எழுதி வைத்ததால்தான் இந்த இரண்டு எண்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை 1909-ல் பரோடாவில் தொடங்கியது. 1946-ல் போர் குழு அறிக்கை, பள்ளி மருத்துவச் சேவை இந்தியாவில் அநேகமாக இல்லை என்றே சொன்னது. 1960-ல் இதற்கென்று தனிக்குழு அமைத்தார்கள், அடுத்த வருடம் அறிக்கையும் வந்தது. நம் பக்கத்தில் மருந்துக்கு முன் சோறு வந்தது. நம் ஊர்க்காரர் காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. ஆனால் பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்குத் தனிச் செவிலியர் வரவில்லை. கிராம சுகாதார செவிலியர்தான் பல ஊர்களுக்கு நடுவே பள்ளிக்கும் போய்வருவார்.

இனி நான் சொல்ல வேண்டியது என் தவறு. பாண்டிச்சேரியிலிருந்து வந்து, தேர்வெழுதி, குமாஸ்தாவாகி, விருதுநகரில் பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டம் பிறந்தது. அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, பள்ளித் தடுப்பூசிக் கணக்கைத் தொகுக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு டெட்டனஸ் ஊசி. சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நர்சம்மா கொண்டுவந்த ஏடு மட்டும் எப்போதும் கணக்குக்கு ஒத்துவராது. பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கைக்கு இவர் ஏட்டில் பாதிதான் தேறும். மீதிக் கட்டங்களில் "வரவில்லை" என்று இருக்கும். சில இடங்களில், "காலையில் சாப்பிடவில்லை. சத்துணவுக்குப் பின் போட்டது, 1.15" என்று இருக்கும்.

"ரெண்டும் டேலி ஆகணுமே நர்சம்மா" என்றேன்.

"ஊசி போட்ட பிள்ளைக்குத்தான் சார் நான் எழுத முடியும். மத்த பிள்ளைக விடியக்காலமே கம்பெனி பஸ்ல ஏறிப் போயிருச்சு" என்றார்.

விடியுமுன் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போன அந்த பஸ்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கும் தெரியாததல்ல. ஆனால் மாத அறிக்கை மேலே போக வேண்டும். வருகைப் பதிவேட்டு எண்ணையே ஊசிக் கட்டத்திலும் போட்டேன். கையெழுத்தாகிப் போய்விட்டது. ஒரே எண்ணில் இரண்டு பொய். ஊசி போடாத பிள்ளைக்குப் போட்டதாகவும், பஸ்ஸில் போன பிள்ளை பள்ளியில் இருந்ததாகவும் ஆயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பேப்பரில் அதைப் படித்த அன்று நர்சம்மாவின் ஏடுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று உள்ளபடி எழுதியிருந்த ஏட்டை நான் "டேலி" ஆக்கியிருந்தேன்.

இன்று பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, வருடத்துக்கு இரு முறை குடற்புழு மாத்திரை என்று கொடுக்கிறார்கள். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், சாப்பிட்ட பின் கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். அன்று வராத பிள்ளைக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கத் தனியாக ஒரு நாளே வைத்திருக்கிறார்கள். வராதவர் யார் என்று சரியாக எழுதியிருந்தால்தானே அந்த நாளுக்குப் பயன்?

செவிலியர் பாடமும் குமாஸ்தா பாடமும் இதில் ஒன்றுதான். சரியான பிள்ளையா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான நேரமா என்று பார். கொடுத்த பிறகு எழுது, முன்கூட்டி எழுதாதே. தவறாக எழுதிவிட்டால் அழிக்காதே, ஒரு கோடு அடித்துச் சுருக்கொப்பம் போடு. கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று எழுது.

பேத்திக்காக ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், அளவு, சாப்பிட்டாளா, கொடுத்தவர் கையெழுத்து, குறிப்பு. தலைமையாசிரியை மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை பேத்தி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு வரியிலும் 12.50, 12.55 என்று நேரம் இருந்தது. புதன்கிழமை வரியில் மட்டும் "கொடுக்கவில்லை. பிள்ளை விடுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.