நான்காவது கேள்வி: ஆக்கிரமிப்பு இனத் தரவுத் தரத்தின் வரலாற்றுக்கு ஒரு மறுவாசிப்பு

அயலினத் தரவுகளை நாடுகள் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு ஒரு திருப்பம் தந்தது, குவென்டின் க்ரூமும் இணையாசிரியர்களும் 2019இல் வெளியிட்ட கட்டுரை. ஓர் இனம் அந்த இடத்துக்கு உரியதா, எவ்வழியே வந்தது, எந்த அளவுக்கு நிலைகொண்டது என்னும் மூன்று கேள்விகளுக்கும், உயிரினப் பதிவுகளைப் பரிமாற உதவும் டார்வின் கோர் தரம் தனித்தனியே இடம் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். தரமும் அதை ஏற்றது. இந்தப் பகுப்பில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் இதன் வழியே பின்னோக்கிப் பார்த்தால், கலங்கிய தொடக்கம் மெல்ல மெல்லத் தெளிந்த கதையாகவே வரலாறு தெரிகிறது. அந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை. இடையில் நான்காவது கேள்வி ஒன்று விடுபட்டுப்போயிற்று: அந்த இனம் என்ன தீங்கு செய்கிறது?

2009இல் ஏற்கப்பட்ட டார்வின் கோரின் ஒரு வரையறையை நிதானமாகப் படிக்க வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்மென்ட் மீன்ஸ்' என்னும் புலம், உயிரி ஓரிடத்தில் நிலைகொண்ட செயல்முறையைக் குறிக்கும் என்கிறது அது. எடுத்துக்காட்டுகள் ஐந்து: பயிரிடப்பட்டது, ஆக்கிரமிப்பது, அடைப்பிலிருந்து தப்பியது, இயற்கையில் வாழ்வது, அவ்விடத்துக்கே உரியது. தப்பியது செயல்முறை, உரியது பிறப்பிடம், இயற்கையில் வாழ்வது இருப்புநிலை. ஆக்கிரமிப்பது என்பது பரவலா, தீங்கா, இரண்டுமா என்பதற்கு அங்கே விடையில்லை. க்ரூம் குழு தந்த தீர்வு, வரையறுத்த சொற்பட்டியல்.

எனக்கு இது சொற்பட்டியல் இல்லாத குறையாக மட்டும் தோன்றவில்லை. உலர்தாவரச் சேகரிப்பகங்களான ஆஸ்திரேலிய ஹெர்பேரியங்கள் தரவுப் பரிமாற்றத்துக்கு வகுத்த ஹிஸ்பிட் தரத்தின் 1996 பதிப்பு, செடி இயல்பாக வளர்ந்ததா, பயிரிடப்பட்டதா என்பதற்குத் தனிப் புலங்கள் வைத்திருந்தது. சேகரிப்பாளர் களத்தில் கண்டு தாளில் குறிக்கும் செய்தி அது. 2009 பட்டியலின் 'பயிரிடப்பட்டது', 'இயற்கையில் வாழ்வது' இரண்டும் அந்த மரபின் சொற்களே என்பது என் கருத்து. ஒப்புமை மட்டுமே வழித்தோன்றலை நிறுவிவிடாது. ஆயினும் இந்த ஊகத்துக்கு வலு உண்டு. அவ்விடத்துக்கு உரியதா என்பதைக்கூடத் தாவர நூலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆக்கிரமிப்பு அப்படியன்று, பல இடங்களைப் பல ஆண்டுகள் பார்த்தபின் தரும் தீர்ப்பு. தனிப்பதிவுக்கான பட்டியலில் அது பிற்பாடு வந்து சேர்ந்திருக்க வேண்டும். எந்த ஆண்டில் என்று அறுதியிடச் சான்று போதாது.

2004 ஏப்ரலில் பால்டிமோரில் கூடிய வல்லுநர்கள் திட்டமிட்ட உலக ஆக்கிரமிப்பு இனத் தகவல் வலையமைப்பான ஜிசின், வேறு வழியில் நடந்தது. இனம் காணப்பட்ட செய்தி, அதன் நிலை, பரவல், தாக்கம், மேலாண்மை என ஒவ்வொன்றுக்கும் தனித் தரவு வடிவம் வகுத்தது. க்ரூம் குழு வகுத்த மூன்று புலங்களில் தாக்கத்துக்கு இடமில்லை. தெளிவை நோக்கிய பயணத்தில் முன்பிருந்த ஒன்று கைவிடப்பட்டது என்பதை இதுவே காட்டுகிறது.

விளைவு சிறியதன்று. நிலைகொள்ளும் அளவைக் காட்டும் புலம், டிம் பிளாக்பர்ன் குழுவின் 2011 சட்டகத்தைப் பின்பற்றுகிறது. அங்கே ஆக்கிரமிப்பு பரவலின் ஒரு படி. 2002இல் ஹேக் நகரில் உயிர்ப்பன்மை உடன்படிக்கையின் உறுப்புநாடுகள் எடுத்த முடிவிலோ, அது உயிர்ப்பன்மைக்கு அச்சுறுத்தல். உலக அயலினப் பதிவேடான க்ரிஸ், நாட்டுவாரிப் பட்டியலில் தாக்கச் சான்றைப் பார்த்தே ஆக்கிரமிப்பு எனக் குறிக்கிறது. ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் பரவியிருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவரும் நிலம் புதராகிப்போன விவசாயியும் அதன் தீங்கை ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. இரண்டு செய்திகளையும் ஒரே சொல்லில் அனுப்பினால், எது வந்தது என்று பெறும் நாட்டுக்குத் தெரியாது.

தீங்கு மதிப்பீடு சார்ந்தது, காணல் பதிவில் அதற்கு வேலையில்லை என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் பிளாக்பர்ன் குழுவே 2014இல் தாக்கத்துக்குத் தனி வகைப்பாட்டை முன்மொழிந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் 2020இல் அதை ஏற்றது. பரவலுக்கு அளவுகோல் தந்தவர்களே தீங்குக்கு வேறொன்று தேவை என்று கண்டார்கள். ஆகவே தீங்கை, மதிப்பிட்டவர், ஆண்டு, சான்று ஆகியவற்றுடன், இனமும் இடமும் சேர்ந்த அலகில் தனிப்பதிவாகப் பரிமாற வேண்டும். 2022ஆம் ஆண்டின் குன்மிங்-மான்ட்ரியல் உயிர்ப்பன்மைச் சட்டகத்தின் 6ஆம் இலக்கு, ஆக்கிரமிக்கும் அல்லது ஆக்கிரமிக்கக்கூடிய அயலினங்கள் புகுந்து நிலைகொள்ளும் வேகத்தை 2030க்குள் குறைந்தது 50 விழுக்காடு குறைக்கவும், அவற்றின் தாக்கத்தைத் தணிக்கவும் சொல்கிறது. முதல் பாதியை அளக்க இன்றைய புலங்கள் உதவும். இரண்டாம் பாதிக்கு நான்காவது கேள்வி மீண்டும் தரத்துக்குள் வர வேண்டும்.