கைமாற்றில் முளைத்த கடைகள்



பொன்விழா மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டதும், எங்கள் கடையின் பின்கட்டில் உள்ள பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பாட்டனாரின் கணக்குப் புத்தகங்கள் அதில்தான் இருக்கின்றன. 1962 ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எங்களை நிறுத்திவிட்டது. 20 பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 20 கட்டங்கள். அந்த மாதத்துக்குரிய 10 வெள்ளியைக் கட்டியவரின் கட்டத்தில் ஒரு கோடு. சீட்டு எடுத்தவரின் கட்டத்தில் ஒரு வட்டம்.

இது குலுக்குச் சீட்டு. மாதம் 20 பேர் ஆளுக்கு 10 வெள்ளி போட்டால் 200 வெள்ளி சேரும். பெயரெழுதிய துண்டுத்தாள்களைக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த 200 வெள்ளி போகும். 20 மாதத்தில் எல்லாரும் 200 கட்டியிருப்பார்கள். எல்லாரும் 200 வாங்கியிருப்பார்கள். யாருக்கும் ஒரு காசு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. முதலில் எடுத்தவருக்கு அது வட்டியில்லாக் கைமாற்று. கடைசியில் எடுத்தவருக்கு அது சேமிப்பு.

அந்தப் பக்கத்தில் ஒரு பெயருக்கு நேரே நாலாவது மாதத்தில் வட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் 16 கட்டங்களிலும் கோடு இல்லை. அந்தப் பெயரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

வங்கிக் கதவு திறக்காத காலம்

நம் முன்னோர் கடல் கடந்து வந்து இந்தத் தீவில் பிழைத்த வரலாறு நெடியது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா பள்ளி 1826 இல் உருவானது; தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அல் அப்ரார் பள்ளியும் நாகூர் தர்காவும் அதையொட்டிய ஆண்டுகளில் எழுந்தன. அந்தக் கட்டடங்களை எழுப்பிய பெருவணிகர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தலையில் தட்டு வைத்துக் கச்சாங் பூத்தே விற்றவரையும், சரபத் கடை போட்டவரையும், தள்ளுவண்டியில் மீ கோரெங் கிளறியவரையும் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர்களுக்கு முதல் எங்கிருந்து வந்தது?

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நகரத்தார் கடன் கொடுத்தார்கள். ஆனால் அதற்குச் சொத்தோ, சந்தையில் பேர்பெற்ற ஜாமீனோ வேண்டும், வட்டியும் உண்டு. வங்கி என்பது வேறு உலகம். 1925 இல் சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் அரசாங்க ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. வட்டிக்காரர்களிடம் சிக்கிய குமாஸ்தாக்களை மீட்ட நல்ல முயற்சி அது. ஆயினும் மாதச் சம்பளம் உள்ளவருக்குத்தான் அது பயன்பட்டது. தட்டு வியாபாரிக்குச் சம்பளச் சீட்டு ஏது?

ஆகவே அவர்கள் ஒருவரையொருவர் ஜாமீனாக்கிக் கொண்டார்கள். ஒரே ஊர்க்காரர், ஒரே அறையில் பாய் விரித்தவர், ஒரே பள்ளியில் தொழுதவர். அந்த நெருக்கம்தான் அடமானம். தேக்காவிலும் தஞ்சோங் பகாரிலும் நம்மவர் நடத்திய எத்தனையோ கடைகளின் முதல் மூட்டை அரிசி இப்படி வந்த பணத்தில் வாங்கியதுதான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதை மார்க்கம் ஏற்கிறதா என்ற கேள்வி புதிதல்ல. நவவி இமாமின் மின்ஹாஜுக்கு மஹல்லீ எழுதிய விரிவுரை நம் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படுவது. அதற்குக் குறிப்புரை எழுதிய எகிப்து நாட்டு அறிஞர் கல்யூபீ 1659 இல் காலமானவர். பெண்கள் வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் பணம் சேர்த்து முறைவைத்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, அது கூடும் என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்கும் முன் வாழ்ந்த வலிய்யுத்தீன் இராக்கியின் கருத்தே இது என்றும் காட்டுகிறார். ஏலம் கேட்டுத் தள்ளுபடிக்கு எடுக்கும் ஏலச்சீட்டு வேறு. எல்லாரும் ஒரே தொகை கட்டி ஒரே தொகை எடுக்கும் குலுக்குச் சீட்டு வேறு. நம் பெரியவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே நடந்தார்கள்.

சீட்டு வியாபாரமான கதை

பத்துப் பேர் முகம் பார்த்து நடத்திய வரை சீட்டு நல்லது செய்தது. முகம் தெரியாதவர்கள் சேர்ந்தபோது அது கெட்டது. சிங்கப்பூரில் சீட்டு நிறுவனங்கள் பெருகவே, 1971 இல் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. உரிமமில்லாமல் சீட்டுத் தொழில் நடத்தக்கூடாது என்றானது. 1973 இல் ஜெமினி சீட்டு நிறுவனம் நொடித்தபோது ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் சேமிப்பு முடங்கியது. அதன்பின் சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள்.

அதே காலத்தில் தெருவும் மாறியது. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் அங்காடிக்காரர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். 1986 க்குள் அனைவரும் அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தண்ணீரும் விளக்கும் கிடைத்தன, வாடகையும் வந்தது. தள்ளுவண்டிக்குப் போதுமாயிருந்த முதல் இப்போது போதவில்லை. நம் சங்கம் பிறந்தது இந்த மாற்றங்களின் நடுவில்தான். தொடக்கக் காலக் கூட்டங்களில் உபகாரச் சம்பளம், மையித்துச் செலவு ஆகியவற்றோடு கைமாற்றுக்கான வேண்டுகோள்களும் வந்தன என்று மூத்த உறுப்பினர்கள் நினைவுகூர்கிறார்கள்.

உலகம் கற்றுத் தந்தது

நம்மவர் மறந்துகொண்டிருந்ததை வேறிடங்களில் புதிதாகக் கற்றார்கள். 1976 இல் பங்ளாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் 42 பேருக்கு மொத்தமே 27 அமெரிக்க டாலர் அளவிலான பணத்தைக் கடனாகத் தந்தார். 1983 இல் அது கிராமீன் வங்கியானது. 2006 இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஐந்து பேர் ஒரு குழு. முதலில் இருவருக்குக் கடன், அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்தவர்களுக்கு. பாட்டனாரின் குறிப்பேட்டைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு, கிராமீனில் வட்டி உண்டு. மலேசியாவில் 1987 இல் தொடங்கிய அமானா இக்தியார் அதே குழு முறையை எடுத்து, வட்டிக்குப் பதில் நிர்வாகக் கட்டணம் வைத்தது. லாகூரில் 2001 இல் டாக்டர் அம்ஜத் சாகிப் தொடங்கிய அகுவத், வட்டியில்லாக் கடனைப் பள்ளிவாசல்களில் வைத்தே வழங்குகிறது. நம் தாயகமாம் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் பரவின. சிறுபான்மையினருக்காக 1999 இல் அமைந்த டாம்கோவும் குழுக்களுக்குச் சிறுகடன் தருகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆந்திராவில் சிறுகடன் நிறுவனங்கள் லாபத்துக்காகப் போட்டி போட்டன. ஒரே பெண் நாலைந்து இடத்தில் கடன்பட்டாள். தவணை தவறினால் குழுவே அவள் வாசலில் போய் நின்றது. தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. கைகொடுக்க வந்த குழு கழுத்தைப் பிடிக்கவும் முடியும் என்பதை அது காட்டியது.

2020 தந்த பாடம்

நம் காலத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவலை முறியடிக்கும் அதிரடித் திட்டம் நடந்தது. சிராங்கூன் ரோடு வெறிச்சோடியது. அந்த ரமலானில் வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் நம் சகோதரிகளின் வியாபாரமும் நின்றது. பெருநாளுக்கு 12 நாள் இருக்கையில், மே 12 அன்றுதான் வீட்டு உணவு வியாபாரத்துக்கு மீண்டும் அனுமதி வந்தது. மாவும் வெண்ணெயும் வாங்கக் கையில் பணமில்லை.

எங்களைப் போன்ற இளம் வியாபாரிகள் ஆறு பேர் சேர்ந்து ஐந்து சகோதரிகளுக்குக் கைமாற்று கொடுத்தோம். மூவர் பெருநாள் முடிந்த கையோடு திருப்பித் தந்தார்கள். ஒருவர் எட்டு மாதம் கழித்துத் தந்தார். ஒருவரால் இன்றுவரை முடியவில்லை. நாங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை; 'நம்ம ஆளுங்கதானே' என்று விட்டுவிட்டோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்த எங்களுக்கே அந்த அசட்டை. விளைவு, அந்தச் சகோதரி எங்களைக் கண்டால் வேறு பக்கமாகப் போகிறார். எவ்வளவு, எப்போது, முடியாவிட்டால் என்ன என்று முதலிலேயே பேசி எழுதியிருந்தால், அவர் முகம் கொடுத்துப் பேச வழி இருந்திருக்கும். பணம் போனதைவிட சலாம் நின்றுபோனதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் பணிக்கிறது. இரண்டு வசனம் முன்னால், 280 ஆவது வசனம், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது அதினும் நல்லது என்கிறது. எழுத்தும் இரக்கமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாங்கள் இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆந்திர நிறுவனங்கள் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

இப்போது 1962 ஆம் ஆண்டுப் பக்கத்துக்குத் திரும்புவோம். கோடில்லாத அந்த 16 கட்டங்களால் மாதம் 10 வெள்ளி குறைந்தது. ஆனால் மீதிப் பேரில் ஒருவருக்கும் 190 வெள்ளி கிடைக்கவில்லை. எல்லாருக்கும் 200 தான். பக்கத்தின் ஓரத்தில் பாட்டனார் தம் கையெழுத்தில் '160, என் கணக்கில்' என்று எழுதியிருக்கிறார். சீட்டு நடத்தியவர் அவர்தான்; பொறுப்பும் அவருடையது. அந்தக் கடையில் அன்று 160 வெள்ளி சிறிய தொகை அல்ல.

அந்தப் பெயர் யாருடையது என்று அத்தாவிடம் கேட்டோம். அவர் பெயரின் மீது பெருவிரலை வைத்து மறைத்துக்கொண்டு சொன்னார்: "அவரோட பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும் நம்ம சங்கத்துலதான் இருக்காங்க. உங்களுக்கு எதுக்கு அது?" அந்தப் பக்கத்தை மலரில் படமாகப் போடலாம் என்றிருந்தோம். போடவில்லை.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சிறுதொழில் தொடங்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு, சட்டத்துக்கு உட்பட்ட, வட்டியில்லாத ஒரு கைமாற்று நிதி வேண்டும். தொகை சிறியதாக இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளியும் எழுதப்படட்டும். தவணைக்கு அவகாசம் இருக்கட்டும். நிர்வாகத்தில் பெண்களும் இருக்கட்டும். வாங்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். கணக்கைப் பார்ப்பவர், வேண்டிய இடத்தில் பெருவிரலை வைத்து மறைக்கத் தெரிந்தவராகவும் இருக்கட்டும்.

வல்ல இறைவன் நம் முன்னோரின் நற்செயல்களை ஏற்று, நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.