ஹடோபி சட்டம்

இணையத்தில் பாட்டையும் படத்தையும் அனுமதியின்றித் தரவிறக்குவதைத் தடுக்க 2009-இல் பிரான்ஸ் இயற்றிய சட்டம். அதைச் செயல்படுத்த அமைத்த ஆணையத்தின் பெயர்ச்சுருக்கத்தாலேயே அறியப்படுகிறது.

இதற்கு முன் வேறொரு வழியும் பரிசீலிக்கப்பட்டது. இணையச் சந்தாவோடு சிறு தொகை சேர்த்துக் கட்டுவோர் தாராளமாகத் தரவிறக்கலாம், அத்தொகை கலைஞர்களுக்குப் பிரித்துத் தரப்படும் என்ற திருத்தத்தை, 2005 டிசம்பரில் ஓர் இரவு அமர்வில் நாடாளுமன்றக் கீழவை 30-க்கு 28 என்ற வாக்குகளில் ஏற்றது. பாடகர்கள், வாத்தியக் கலைஞர்களுக்கான அதாமி, ஸ்பெதிதாம் சங்கங்கள் ஆதரித்தன. இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் சாசெம் எதிர்த்தது. இசைத்தட்டு நிறுவனங்களும் எதிர்க்க, அரசு அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. இசைத்துறை முழுவதும் தண்டனைதான் கேட்டது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது பாதிக் கதை.

2007-இல் அதிபரான நிக்கோலா சர்க்கோசியின் அரசு, மாற்றுவழி காணும் பொறுப்பைத் தெனி ஒலிவென்னிடம் தந்தது. அவர் அப்போது இசைத்தட்டு விற்கும் ஃப்னாக் கடைகளின் தலைவர்! முதலில் மின்னஞ்சலில் எச்சரிக்கை, அடுத்து பதிவுத் தபால், மூன்றாம் முறை ஓராண்டு வரை இணைப்புத் துண்டிப்பு என்ற ஏற்பாடு பிறந்து, சட்டத்திலும் இடம்பெற்றது. 2009 ஜூன் 10-இல் அரசியலமைப்பு மன்றம் குறுக்கிட்டது: இணையம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், ஆணையமே அதைத் துண்டிக்க முடியாது. அவ்வாண்டே இரண்டாவது சட்டம் அந்த அதிகாரத்தை நீதிபதிகளிடம் விட்டது.

2010 அக்டோபரில் எச்சரிக்கைகள் புறப்பட்டன. 2012-இல் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டவருக்கு 150 யூரோ அபராதம். பாட்டுகளைத் தரவிறக்கியதோ அவர் மனைவி. தன் இணைப்பைப் பிறர் தவறாகப் பயன்படுத்த விட்டதே சட்டத்தின் கண்ணில் குற்றம் என்பதால், இணைப்பு யார் பெயரிலோ அவரே மாட்டினார். துண்டிப்புத் தண்டனை 2013 ஜூலையில் நீக்கப்பட்டது.

அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனதே தவிர, இசைக்கலைஞர் கைக்கு வரவில்லை. பயனர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிரும் வலையமைப்புகளை மட்டுமே ஆணையம் கண்காணித்தது. நேரடியாகத் தரவிறக்கும் தளங்களுக்கு மாறியவர்கள் தப்பினர். பிரெஞ்சு இசைச் சந்தையை 2010-களின் பிற்பாதியில் மீட்டது டீசர், ஸ்பாட்டிஃபை போன்ற சந்தாச் சேவைகள். ஆனால் அவற்றிலிருந்து வரும் பங்கு போதவில்லை என்பது கலைஞர்களின் அடுத்த குறை. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின், 2022 மே மாதம் தயாரிப்பாளர்களும் கலைஞர் சங்கங்களும் குறைந்தபட்ச ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஹடோபி ஆணையம் அவ்வாண்டு ஜனவரி 1-இலேயே ஒலி, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்போடு இணைந்து ஆர்காம் ஆகிவிட்டது. எச்சரிக்கை அனுப்பும் பணி அங்கே தொடர்ந்தது.