உண்ணி

டெக்சாஸ் மாடுகளுக்கு ஒன்றுமே ஆகாது. கொழுகொழுவென்று நடந்து போகும். ஆனால், அவை போன பாதையில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் ஒரு மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகச் சாகும். காய்ச்சல். ரத்தச் சிவப்பில் சிறுநீர். கதை முடிந்தது.

உள்நாட்டு யுத்தம் முடிந்த கையோடு, டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிப்போய் விற்பது அமெரிக்காவில் கொழுத்த வியாபாரம். மிசௌரி, கன்சாஸ் விவசாயிகள் என்ன செய்வார்கள் பாவம்? துப்பாக்கியோடு வழிமறித்தார்கள்.

மர்மத்தைக் கவனியுங்கள். நோயைக் கொண்டுவருகிற மாடு நன்றாக இருக்கிறது. வாங்கிக்கொள்கிற மாடு சாகிறது. அதுவும் உடனே இல்லை. 'எல்லாம் உண்ணி செய்கிற வேலை' என்று மாடு வளர்ப்பவர்கள் சிலர் அப்போதே சொன்னார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள்.

தியோபால்டு ஸ்மித் சிரிக்கவில்லை. அமெரிக்க விவசாயத்துறை விஞ்ஞானி. 1889ல் கில்போர்ன் என்கிற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து சோதனையில் இறங்கினார். ஒரு வயலில் உண்ணியோடு தெற்கத்தி மாடுகள். இன்னொன்றில், உண்ணிகளைக் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்ட தெற்கத்தி மாடுகள். மூன்றாவதில் தெற்கத்தி மாடே கிடையாது, தரையில் தூவிய உண்ணிகள் மட்டும். மூன்றிலும் வடக்கத்தி மாடுகளை விட்டார்கள். முதல் வயலிலும் மூன்றாவதிலும் நோய். நடு வயலில் ஒன்றுமில்லை.

அந்த ஒரு மாத இடைவெளிக்கும் விடை கிடைத்தது. ரத்தம் குடித்த தாய் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் பிறக்கும்போதே ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு வரும். பபேசியா. ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைக்கிற நுண்ணுயிர். தெற்கத்தி மாடுகள் கன்றாக இருக்கும்போதே இதில் அடிபட்டு எதிர்ப்புச் சக்தி பெற்றவை. தப்பித்தது அப்படித்தான்.

முடிவுகள் 1893ல் வெளியாயின. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதற்கு 4 வருடம் கழித்து!

1906ல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மாடுகளை ஆர்செனிக் கலந்த தொட்டியில் முக்கி எடுத்தார்கள். கடுப்பான சில விவசாயிகள் தொட்டிக்கே வெடி வைத்தார்கள். 1943ல் ஒருவழியாக வேலை முடிந்தது. ஆனாலும், மெக்சிகோ எல்லையில் காவல் தொடர்கிறது.

அப்பாடா என்கிறீர்களா? 2017ல் வர்ஜீனியாவில் மாடுகள் செத்தன. இம்முறை தெய்லேரியா என்கிற வேறோர் ஒட்டுண்ணி. பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. சுமப்பது கிழக்கு ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட உண்ணி. அமெரிக்காவில் பரவியிருக்கும் இந்த வகையில், பெண் உண்ணி ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும்.

ஒரு புது மேய்ச்சல் நிலத்தைப் பிடிக்க, ஒன்றே ஒன்று போதும்.