மொரிஸ் மைனர் எஞ்சினின் சுழற்சி எல்லை

உள்பாகங்கள் மாற்றப்படாத எஞ்சினை, சேதமின்றி நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஓட்டலாம் என்பதே சுழற்சி எல்லை. கார்புரேட்டரும் சைலன்சரும் மாற்றி வேகம் கூட்டிய பழைய கார்களில் அதிகம் மீறப்படுவது இதுவே.

இலங்கையில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் 1000 நல்ல உதாரணம். 1956இல் வந்த 948 சிசி எஞ்சினில் பிஸ்டனின் ஓட்டநீளம் 76.2 மி.மீ.; 1962இல் வந்த 1098 சிசியில் 83.72 மி.மீ. பின்னது உச்ச வலுவைத் தருவது 5,100 சுற்றில். அப்போது பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 14.2 மீற்றர். அதே வேகத்தை 948 சிசி எட்ட ஏறத்தாழ 5,600 சுற்று வேண்டும். ஆக, பெரிய எஞ்சினைத்தான் கூடுதல் கவனத்தோடு ஓட்ட வேண்டும்.

பிஸ்டனை இழுத்து நிறுத்தும் விசை சுற்றின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 5,000 சுற்று 6,000 ஆனால் பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கொன்ரொட்டின் இரு போல்ட்டுகளும் தாங்கவேண்டிய சுமை 44 சதவீதம் ஏறிவிடும். கிராங்கைத் தாங்குவதோ மூன்றே பிரதான பெயாரிங்குகள். வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு உரிய நேரத்தில் மூடாது, எஞ்சின் தடுமாறும். அந்த அறிகுறி தெரிந்ததும் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் போன்றவற்றில் ஏற்றமே சோதனை. கலவானை, இரத்தினபுரி மலைப்பாதைகளில் இறக்கமே ஆபத்து: மூன்றாம் கியருக்குப் பதில் முதலாம் கியர் விழுந்தால், அக்சிலரேட்டரை மிதிக்காமலே சில்லுகள் எஞ்சினை எல்லை தாண்டிச் சுழற்றும். மைனரில் சுழற்சிமானி கிடையாது; வேகம் கூட்டுபவர் அதையே முதலில் பொருத்த வேண்டும்.