கிளினிக் கொப்பியில் ஐந்து வரிகள்

கண்டி தேசிய வைத்தியசாலையானாலும் பேராதனை போதனா வைத்தியசாலையானாலும் கொப்பியில் வைத்தியர் எழுதுவது ஆங்கிலத்தில்தான். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் ஓர் அம்மாவுக்கு அதை யார் வாசித்துச் சொல்வது? கருப்பைப் புற்றுநோயில் வழமையாக எழுதப்படும் ஐந்து வரிகளைத் தமிழில் தருகிறேன். இவை எவருடைய கொப்பியிலிருந்தும் எடுத்தவை அல்ல.

“மாதவிடாய் நின்று ஆறு வருடம். இப்போது இரத்தம் படுகிறது.”

வைத்தியரை நிமிர்ந்து உட்கார வைக்கும் வரி. இப்படி இரத்தம் படுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். ஆனால் இந்நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு முதலில் தெரிந்தது இதுதான். ஒரே தடவை, ஒரு சொட்டு என்றாலும் காட்ட வேண்டும். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்பது உண்மையான கவலை. ‘உடம்புச் சூடு’ என்று கசாயம் குடித்து மாதங்களைக் கடத்துவதற்கு அந்த நியாயமும் இல்லை.

“பெப் பரிசோதனை: குறை இல்லை.”

பலர் ஏமாறும் இடம் இது. 1996 முதல் நடந்துவரும் சுவநாரி (பெண்கள் நல) கிளினிக்குகளில் பெப் பரிசோதனைக்கு எடுப்பது கருப்பைக் கழுத்தின் கலங்களை. நம் நோயோ கருப்பைக்குள்ளே, உட்படலத்தில் வளர்வது. பெப் அதைத் தேடுவதே இல்லை. எப்போதாவது தற்செயலாக அகப்படலாம். ஆகவே இந்த வரியைக் காட்டி முதல் வரியை அழித்துவிட முடியாது.

“உட்படலத் தடிப்பு: 11 மி.மீ.”

யோனி வழியாகச் செய்யும் ஸ்கேனின் அளவு. மாதவிடாய் நின்றவருக்கு 4 மி.மீ. அல்லது குறைவு என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. 11 என்றால் சந்தேகம், அவ்வளவே. பொலிப் என்ற சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் குடிப்பவருக்கு நோயில்லாமலும் தடிக்கும்.

“பைப்பெல் மாதிரி: எண்டோமெட்ரியோயிட் அடினோகார்சினோமா, கிரேட் 1.”

அந்த நீண்ட பெயர் உட்படலப் புற்றுநோயின் ஒரு வகை. நோயை உறுதிசெய்வது இழையம் மட்டுமே. மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கருப்பைக்குள் செலுத்திச் சிறிது உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. போதிய மாதிரி கிடைக்காவிட்டால் கமெரா விட்டுப் பார்த்து எடுப்பார்கள். கிரேட் 1 என்பதை ‘முதல் கட்டம்’ என்று நினைக்கக் கூடாது. கலங்கள் சுரப்பி வடிவத்தைப் பெரும்பாலும் இழக்கவில்லை, கட்டியாகத் திரண்ட பகுதி 5 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதே அதன் கருத்து.

“எம்.ஆர்.ஐ: தசைச் சுவரில் பாதிக்குள்.”

எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற மதிப்பீடு. கட்டம் எது என்று முடிவாக எழுதுவது, கருப்பையை அகற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான்.