செஸ் சர்வருக்கு யார் காசு கொடுக்கிறாங்க?

கோடை லீவு ஆரம்பிச்சதும் எனக்கு வர்ற கேள்வி ஒன்னு இருக்கு. "தம்பி, பையன் செஸ் கத்துக்கிறான். ஃப்ரீயா இருக்கிற லிசெஸ் போதுமா, இல்ல செஸ் டாட் காமுக்குக் காசு கட்டணுமா?" எங்க ஊர் ஐயம்பேட்டையில் இருந்தும் கேட்கிறாங்க, சென்னையில் கூட வேலை பார்க்கிறவங்களும் கேட்கிறாங்க. விலைப்பட்டியலைப் பார்த்து ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம். ஆனா இந்தச் சண்டைக்கு முப்பது வயசுக்கு மேல ஆகுது. அந்தக் கதை தெரிஞ்சா, எதுக்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெளிவாயிடும்.

டெல்நெட் காலம்

1992 ஜனவரி 15. மைக்கேல் மூர், ரிச்சர்ட் நாஷ் என்ற இரண்டு பேர் எழுதிய 'இன்டர்நெட் செஸ் சர்வர்', சுருக்கமா ஐசிஎஸ், எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மவுஸால் காயை இழுக்கிற வேலையெல்லாம் கிடையாது. டெல்நெட்டில் நுழையணும். போர்டு எழுத்துகளாலும் கோடுகளாலும் திரையில் வரும். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குன்னு டைப் அடிக்கணும். பக் வேற நிறைய. விதிப்படி செல்லாத மூவை சர்வர் ஏத்துக்கும், மேட் ஆகாத ராஜாவை மேட்டுன்னு சொல்லும். இருந்தாலும் கூட்டம் வந்தது. காசு யாரும் கேட்கல. கோடு எழுதினவங்களும் சம்பளம் வாங்கல.

அதே வருஷம் தலைமை புரோகிராமரா உள்ளே வந்தவர் டேனியல் ஸ்லீட்டர். கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஸ்ப்ளே ட்ரீ படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரியும். ராபர்ட் டார்ஜனோட சேர்ந்து அதை உருவாக்கினவர் இவர்தான். கோடில் பெரும்பகுதியைத் திருத்தி எழுத ஆரம்பிச்சார். அப்போ பெரிய தலைவலி, லேக். நீங்க ரெண்டு செகண்டில் யோசிச்சு ஆடியிருப்பீங்க. அந்த மூவ் சர்வருக்குப் போய்ச் சேருறதுக்குள்ள உங்க கடிகாரத்தில் பத்து செகண்ட் போயிருக்கும். பிளிட்ஸ் ஆட்டத்தில் அது தோல்வி. யோசிக்கிற நேரத்தை ஆடுறவரோட கம்ப்யூட்டரிலேயே அளந்து, மூவோட சேர்த்து அனுப்பினா பாதி அநியாயம் தீரும். அதைத்தான் செஞ்சாங்க.

1994இல் ஸ்லீட்டர் அந்தக் கோடுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். 1995 மார்ச் 1 அன்று அறிவிப்பு வந்தது: இனிமே இது 'இன்டர்நெட் செஸ் கிளப்', ஐசிசி. வருஷச் சந்தா 49 டாலர்.

கூட உழைச்ச தன்னார்வலர்கள் கொதிச்சாங்க. நாங்க சும்மா எழுதிக் கொடுத்தது எப்படி ஒருத்தர் கம்பெனியாச்சு என்பது அவங்க கேள்வி. ஸ்லீட்டர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சர்வர் வளர்ந்துகிட்டே போகுது, முழுநேரம் பார்க்க ஆள் வேணும், பேராசிரியரோட ஓய்வு நேரத்தில் இதை எத்தனை நாள் ஓட்டுறது? பிரிஞ்சு போனவங்க அதே 1995இல் 'ஃப்ரீ இன்டர்நெட் செஸ் சர்வர்' தொடங்கினாங்க. எல்லா வசதியும் எல்லோருக்கும் இலவசம். ஆனா ஐசிசி கிராண்ட்மாஸ்டர்களுக்கு இலவச உறுப்பினர் இடம் கொடுத்தது. பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே இருந்ததால், அவங்களைப் பார்க்கவும் அவங்களோட ஆடவும் மத்தவங்க காசு கட்டினாங்க.

தறியும் நூலும்

எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தச் சண்டை புரியாத விஷயமில்ல. பட்டுத்தறி வீட்டிலேயே இருக்கும். உட்கார்ந்து நெய்யறது குடும்பம். ஆனா பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுத்தா, சேலை அவருடையது, நமக்குக் கூலி. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு போட்டு உறுப்பினரா இருந்தா கணக்கு வேற. ரெண்டிலும் வேலை ஒன்னுதான், ரெண்டுக்கும் பணம் வேணும். முடிவு எடுக்கிறது யார், கடைசியில் பொருள் யார் கையில் என்பதில்தான் வித்தியாசம். ஐசிஎஸ் ஆட்கள் நெய்ய உட்காரும்போது அந்தப் பேச்சைப் பேசி முடிக்கல. 1995 சண்டையோட வேர் அதுதான்.

இந்தச் சண்டை நடந்தப்போ நம்ம ஊரில் அதைப் பார்க்க ஆளே இல்ல. பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை விஎஸ்என்எல் இந்தியாவில் தொடங்கினது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதுக்கு முன்னாடி சென்னைக்காரங்களோட 'சர்வர்' வேற மாதிரி இருந்தது. 1972இல் மானுவல் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கிளப், சோவியத் கலாச்சார மையத்தில் நடந்தது. சின்ன வயசு ஆனந்த் அங்கேதான் பிளிட்ஸ் ஆடினார். ஜெயிச்சவர் போர்டில் உட்கார்ந்திருப்பார், தோத்தவர் எழுந்து வரிசைக்குப் போகணும். அந்த இடத்துக்குப் பின்னாடி ஒரு அரசாங்கம் இருந்தது. 1991இல் அந்த நாடே இல்லாம போச்சு. அதனால ஒரு இடம் மலிவா கிடைக்கும்போது, யார் காசில் அது ஓடுதுன்னு கேட்டு வெச்சுக்கிறது நல்லது.

இரண்டு பதில்கள்

இப்போ நீங்க பார்க்கிற ரெண்டு தளமும் அந்தச் சண்டைக்குக் கிடைச்ச ரெண்டு பதில்.

2007இல் வந்த செஸ் டாட் காம், எரிக் ஆலபெஸ்ட், ஜே செவர்சன் இருவரும் தொடங்கிய கம்பெனி. ஆட்டம் இலவசம். கோல்டு, பிளாட்டினம், டயமண்டுன்னு சந்தா கட்டினா பாடம், புதிர், ஆட்ட அலசல் எல்லாம் கூடும். விளம்பரம் போயிடும். அந்தப் பணத்தில் முழுநேர ஊழியர்கள் இருக்காங்க, பரிசுப் போட்டிகள் நடக்குது. 2022 டிசம்பரில் கார்ல்சன் பேரில் இருந்த பிளே மேக்னஸ் குழுமத்தையும் வாங்கிட்டாங்க.

2010இல் பிரான்ஸில் திபோ டுப்ளெஸி என்ற புரோகிராமர் தொடங்கினது லிசெஸ். லாப நோக்கமில்லாத சங்கம். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுது. காசு கொடுத்தா பேர் பக்கத்தில் ஒரு சிறகு வரும், அவ்வளவுதான். வேற எந்த வசதியும் கூடாது. செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கலாம். இதைவிட முக்கியம் லைசென்ஸ். கோடு ஏஜிபிஎல் உரிமத்தில் இருக்கு. யாராவது அதை மாத்தி சர்வரா ஓட்டினா, மாத்தின கோடையும் வெளியிடணும். நாளைக்கு லிசெஸ் காசு கேட்டா, அதே கோடை எடுத்து இன்னொருத்தர் இலவசமா ஓட்டலாம். 1995இல் பேசாம விட்ட பேச்சு இங்கே எழுத்திலேயே இருக்கு.

இன்னொன்னும் கவனிங்க. ரெண்டு தளத்திலும் இருக்கிற ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின், தன்னார்வலர்கள் வளர்த்த திறந்த மென்பொருள். லிசெஸில் நீங்க அலசல் கேட்கும்போது, உலகத்தில் எங்கேயோ ஒருத்தர் இரவலாக் கொடுத்த கம்ப்யூட்டரில் அது ஓடுது. காசு வாங்குற தளம் விற்கிறது சர்வர் நேரமும், அதைச் சுத்தி இருக்கிற பாடமும் விளக்கமும்.

சரி, காசு இருந்தா எல்லாம் சரியா ஓடிடுமா? 2020 ஆகஸ்ட் 30, செஸ் டாட் காமில் நடந்த ஆன்லைன் ஒலிம்பியாட் ஃபைனல், இந்தியாவும் ரஷ்யாவும். உலகம் முழுக்க இன்டர்நெட் தடுமாறின நேரம். இணைப்பு அறுந்து நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் நேரத்தில் தோத்தாங்க. கடைசியில் ஃபிடே ரெண்டு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தது. 1992இல் ஸ்லீட்டர் மல்லுக்கட்டின அதே பிரச்சினை. 2023 ஜனவரியில் ஒரே நாளில் ஒரு கோடி பேர் வந்ததும், எங்க சர்வர் திணறுதுன்னு செஸ் டாட் காமே எழுதினாங்க.

அப்போ என்ன பண்ணலாம்?

என் முடிவு இதுதான். பையனோ பொண்ணோ இப்பதான் ஆரம்பிக்கிறாங்கன்னா லிசெஸ் போதும். புதிருக்கு அளவு கிடையாது, ஒவ்வொரு ஆட்டத்தையும் அலசலாம். நெசவுக்கூலியில் ஓடுற வீட்டில் சந்தா கட்டலையேன்னு குற்ற உணர்ச்சி வேண்டாம். காசு மிச்சமிருந்தா நேரில் நடக்கிற ஒரு போட்டியோட நுழைவுக் கட்டணத்துக்கு வையுங்க. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து முறைக்கிறதை எந்தத் தளமும் கத்துக்கொடுக்காது.

சந்தா கட்டுறதுன்னா, எதை வாங்குறோம்னு ஒரே வரியில் சொல்ல முடியணும். வரிசையா பாடம் வேணும், வீடியோ வேணும், பரிசுப் போட்டி ஆடணும்னா செஸ் டாட் காமுக்குக் கட்டுங்க, தப்பே இல்ல. எங்கே ஆடினாலும் ஆட்டங்களை பிஜிஎன் ஃபைலா இறக்கி வெச்சுக்கங்க. தளம் கை மாறலாம், மூடலாம். ஆடின ஆட்டம் உங்களுடையது.

சம்பளம் வாங்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கடைசியா ஒன்னு. லிசெஸில் தினமும் ஆடிட்டு, "ஃப்ரீதானே"ன்னு போயிடாதீங்க. மாசம் ஒரு டீ, பன் பட்டர் ஜாம் காசு அனுப்பலாம். உங்களுக்கு ஒரு சிறகு கிடைக்கும். காசு கட்ட முடியாத ஒரு பையனுக்கு அந்த சர்வர் நாளைக்கும் ஓடும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.